வி-லேன் பிரித்தால் ஸ்டோரேஜ் வேகமாகுமா?

நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் எல்லாருக்கும் பொதுவாக ஃபைல் வைக்கும் பெட்டி) வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பெட்டியைப் பற்றியவை அல்ல, பெட்டிக்கும் சர்வருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஸ்விட்சைப் பற்றியவை. எனக்கு அதில் மகிழ்ச்சிதான், ஏனென்றால் ஸ்டோரேஜ் தொல்லைகளில் நிறைய அங்கேதான் பிறக்கின்றன. அதனால் இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் அச்சகத்தில் 24 போர்ட் மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்பை நாமே மாற்றக்கூடியது) ஒன்று, ஒரு நாஸ், டிசைன் பிரிவில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். எல்லாரும் நாஸில் இருந்தே நேராக ஃபைலைத் திறக்கிறோம், பெரிய ஃபைல் என்றால் ரொம்ப நேரமாகிறது. நாஸைத் தனி வி-லேனில் போட்டால் வேகம் கூடும் என்று சர்வீஸ்காரர் சொல்கிறார். செய்யலாமா? (ஒரு வாசகர், சிவகாசி)

பதில்: உங்கள் இடத்தில் வேண்டாம். செய்தால் இப்போது இருப்பதைவிட மெதுவாகிவிடவும் கூடும்.

வி-லேன் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டால் காரணம் புரிந்துவிடும். ஒரே ஸ்விட்சில் இருக்கும் போர்ட்டுகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவின் பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் செய்தி) அடுத்த குழுவுக்குப் போகாமல் நிறுத்துகிறது. ஒரே கேபிளில் பல குழுக்களின் டேட்டா போக வேண்டியிருந்தால், எது யாருடையது என்று தெரிவதற்காக ஒவ்வொரு ஈதர்நெட் ஃபிரேமுக்குள்ளும் (டேட்டாவைக் கட்டி அனுப்பும் பொட்டலம்) 4 பைட் அளவுள்ள டேக் ஒன்றைச் செருகுகிறது. 1998-இல் வெளியான 802.1க்யூ என்ற தரம் சொல்வது இதைத்தான். அந்த டேக்கில் வி-லேன் எண்ணுக்கு 12 பிட் ஒதுக்கியிருக்கிறார்கள், இரண்டு ஓரத்து எண்களை எடுத்து வைத்துவிட்டதால் நமக்கு 1 முதல் 4094 வரை கிடைக்கிறது. இதில் எங்கேயும் வேகம் என்ற பேச்சே இல்லை. ஒரு வீட்டைத் தடுப்பு வைத்து இரண்டு குடித்தனமாக்கினாலும் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் ஒன்றாகவே இருந்தால், ஒரு வீட்டில் குழாயைத் திறந்ததும் அடுத்த வீட்டில் தண்ணீர் ஒழுகலாகத்தான் வரும். வி-லேனும் தடுப்புதான், குழாய் அல்ல.

மெதுவாகும் என்று சொன்னேனே, அது எப்படி? நாஸ் ஒரு வி-லேனிலும் கம்ப்யூட்டர்கள் இன்னொன்றிலும் இருந்தால், இரண்டுக்கும் நடுவே போக்குவரத்தை மாற்றிவிட ஒரு ரவுட்டர் வேண்டும். சின்ன அலுவலகங்களில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் இன்டர்நெட்டுக்காக வைத்த ஃபயர்வால்தான், அதுவும் ஸ்விட்சோடு ஒரே ஒரு 1 ஜிகாபிட் கேபிளில் இணைந்திருக்கும். இப்போது ஸ்விட்சுக்குள்ளேயே நாஸிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போய்க்கொண்டிருக்கும் ஃபைல், இனிமேல் அந்த ஒற்றைக் கேபிளில் மேலே ஏறி, ஃபயர்வாலில் சோதனையாகி, அதே கேபிளில் கீழே இறங்கி வர வேண்டும். ரவுட்டிங் செய்யக்கூடிய லேயர்-3 ஸ்விட்சாக இருந்தால் இந்தச் சுற்று இல்லை, ஆனால் அப்போதும் கூடுதல் வேகம் எதுவும் வந்துவிடாது.

உங்கள் நெரிசல் வேறு இடத்தில் இருக்கிறது. நாஸ் 1 ஜிகாபிட் போர்ட்டில் இருந்தால் காகிதக் கணக்குக்கே வினாடிக்கு 125 மெகாபைட்தான், நடைமுறையில் 110-இலிருந்து 115 வரை வரும். 1 ஜிபி ஃபைலை ஒருவர் மட்டும் இழுத்தால் ஒன்பது வினாடி, நான்கு பேர் ஒரே நேரத்தில் இழுத்தால் ஆளுக்கு அரை நிமிடத்துக்கு மேல். ஆகவே நாஸில் 10 ஜிகாபிட் கார்டு போட இடம் இருக்கிறதா, ஸ்விட்சின் ஓரத்தில் 10 ஜிகாபிட் எஸ்.எஃப்.பி. பிளஸ் போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் ஒரு டாக் கேபிளோடு (இரு முனையிலும் பிளக் பொருத்தியே வரும் தாமிரக் கேபிள்) கதை முடிந்தது, கம்ப்யூட்டர்களில் எதையும் தொட வேண்டாம். (உள்ளே சுழல்வது இரண்டே இரண்டு ஹார்ட் டிஸ்க் என்றால் அந்தப் பணத்தை முதலில் டிஸ்க்கில் போடுங்கள்.) அதற்கும் முன்னால், செலவே இல்லாத ஒரு வேலை: ஸ்விட்சின் வெப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு போர்ட்டும் 1000-இல் இணைந்திருக்கிறதா, 100-இல் நிற்கிறதா என்று பாருங்கள். கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி அறுந்தாலே இணைப்பு 100-க்கு இறங்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

ஸ்டோரேஜுக்குத் தனி வி-லேன் சரியாகப் பொருந்துவது சர்வரும் ஸ்டோரேஜும் மட்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடத்தில்தான். அடுத்த கேள்வி அப்படிப்பட்ட ஒன்று.

கேள்வி: இரண்டு வி.எம்.வேர் சர்வர்கள், இரண்டு கன்ட்ரோலர் உள்ள ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாகவே டிஸ்க்கைக் கொடுக்கும் முறை) ஸ்டோரேஜ் ஒன்று, 10 ஜிகாபிட் போர்ட் உள்ள இரண்டு ஸ்விட்ச்கள். இதே ஸ்விட்ச்களில்தான் அலுவலகப் போக்குவரத்தும் போகிறது. வி-லேனை எப்படிப் பிரிப்பது? ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா? (ஐ.டி. பொறுப்பாளர், கோயம்புத்தூர்)

பதில்: ஸ்டோரேஜுக்கு மட்டும் இரண்டு. ஸ்விட்சில் கை வைப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, எந்தப் பெட்டியின் எந்தப் போர்ட் எந்த ஸ்விட்சின் எந்தப் போர்ட்டுக்குப் போகிறது என்று வரைந்துவிடுங்கள். அந்தப் படம் சரியாக இருந்தால் மீதி வேலை தட்டச்சுதான்.

உதாரணமாக நிர்வாகத்துக்கு 10, அலுவலகத்துக்கு 20, ஸ்டோரேஜுக்கு 31, 32 என்று வைத்துக்கொள்வோம். 31 முதல் ஸ்விட்சில் மட்டும், 32 இரண்டாவது ஸ்விட்சில் மட்டும். இரண்டு ஸ்விட்சையும் இணைக்கும் ட்ரங்க்கில் (பல வி-லேன்களை டேக்கோடு சுமக்கும் இணைப்பு) 10-ஐயும் 20-ஐயும் விடுங்கள், 31, 32 இரண்டையும் விடாதீர்கள். ஒவ்வொரு சர்வரிலிருந்தும் ஒரு கேபிள் முதல் ஸ்விட்சுக்கு, ஒன்று இரண்டாவதுக்கு. ஒவ்வொரு கன்ட்ரோலரிலிருந்தும் அதே மாதிரி. ஐ.பி. முகவரியும் 10.10.31.0/24, 10.10.32.0/24 என்று இரண்டு தனி சப்நெட் (முகவரிக் குழு). வி-லேன் எண்ணை முகவரியிலேயே வைத்துவிட்டால், பின்னால் வேறொருவர் வந்து பார்க்கும்போது யாரையும் கேட்காமலே புரிந்துகொள்வார்.

ஏன் இரண்டு என்றால், ஐஸ்கஸியில் வழி தவறினால் இன்னொரு வழி என்ற பொறுப்பை எடுத்துக்கொள்வது எம்.பி.ஐ.ஓ., அதாவது மல்ட்டிபாத். அதற்கு வேண்டியது ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு பாதைகள். 31-க்குள் யாரோ லூப் போட்டாலும், அந்த ஸ்விட்சை அப்டேட்டுக்காக ரீபூட் செய்தாலும், அடுத்த பாதை அசையாமல் நிற்கும். இரண்டையும் ஒரே சப்நெட்டில் வைத்தாலும் செய்ய முடியும், ஆனால் அப்போது வி.எம்.வேரில் போர்ட் பைண்டிங் (ஐஸ்கஸியை இன்னின்ன போர்ட்டோடு கட்டிவைப்பது) வேண்டும். தனித்தனி சப்நெட் என்றால் பைண்டிங் வேண்டாம், போட்டுவிட்டால்தான் தகராறு. பலர் பழைய குறிப்பைப் பார்த்து இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். பாத் பாலிசியை ரவுண்ட் ராபினாக (பாதைகளை மாற்றி மாற்றி உபயோகிப்பதாக) வைக்கலாமா என்பதை மட்டும் உங்கள் ஸ்டோரேஜ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேக் போடுவதா வேண்டாமா என்பது இந்த இடத்தில் நிறையப் பேரைக் குழப்புகிறது. ஸ்டோரேஜுக்கென்றே தனி நெட்வொர்க் கார்டு இருந்தால் டேக் தேவையே இல்லை, ஸ்விட்சில் அந்தப் போர்ட்டை 31-இன் ஆக்சஸ் போர்ட்டாக (ஒரே வி-லேனை டேக் இல்லாமல் தரும் போர்ட்) வைத்துவிடுங்கள், சர்வரில் வி-லேன் எண்ணைக் காலியாகவோ 0 ஆகவோ விடுங்கள். சர்வருக்கு மொத்தமே இரண்டு 10 ஜிகாபிட் போர்ட்தான், அதிலேயே எல்லாம் போக வேண்டும் என்றால் ஸ்விட்சில் ட்ரங்க், சர்வரின் போர்ட் குரூப்பில் எண் 31. இந்த இரண்டில் ஏதாவது ஒன்று. ஸ்விட்சில் ஆக்சஸ் போர்ட்டாக வைத்துவிட்டு சர்வரிலும் 31 என்று எழுதினால், சர்வர் டேக் எதிர்பார்க்கும், ஸ்விட்ச் டேக்கைக் கழற்றிவிட்டு அனுப்பும், விளக்கு எரியும், ஒரு பாக்கெட்டும் போகாது.

ஸ்டோரேஜ் முகவரிகளுக்கு கேட்வே (வேறு சப்நெட்டுக்குப் போகும் வாசல்) கொடுக்காதீர்கள். சர்வரும் ஸ்டோரேஜும் ஒரே சப்நெட்டில் இருக்கும்போது கேட்வேக்கு வேலையே இல்லை. கொடுத்து வைத்தால், ஏதோ ஒரு நாள் ஸ்டோரேஜ் போக்குவரத்து ஃபயர்வாலைச் சுற்றி வருவதற்கு நீங்களே வழி திறந்துவிட்ட மாதிரி ஆகும். ஸ்டோரேஜின் நிர்வாகப் பக்கத்தை அதற்கான தனி போர்ட்டில் எடுத்து 10-இல் வையுங்கள், இல்லையென்றால் உங்கள் லேப்டாப்பிலிருந்து அதைத் திறக்க முடியாமல் ராக் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கும். 1 என்ற வி-லேனில் ஸ்டோரேஜை வைக்காதீர்கள், எந்தப் போர்ட்டைத் தொடாமல் விட்டாலும் அது அங்கேதான் இருக்கும். சிஸ்கோ என்றால் 1002 முதல் 1005 வரையும் பழைய தொழில்நுட்பங்களுக்காக ஒதுக்கப்பட்டவை.

அப்புறம், ஸ்டோரேஜ் போர்ட்டுகளை ஸ்பேனிங் ட்ரீயில் (லூப் ஏற்பட்டு டேட்டா சுழன்றுகொண்டே இருக்காமல் காக்கும் வசதி) எட்ஜ் போர்ட்டாக அறிவியுங்கள், சிஸ்கோவில் இதற்குப் பெயர் போர்ட்ஃபாஸ்ட். பழைய ஸ்பேனிங் ட்ரீயில் இணைப்பு எழுந்ததும் கேட்பதற்கு 15 வினாடி, கற்பதற்கு 15 வினாடி என்று அரை நிமிடம் போர்ட் மூடியே இருக்கும். கன்ட்ரோலர் ரீபூட் ஆகி வரும் ஒவ்வொரு தடவையும் அந்த அரை நிமிடம் தேவையில்லாத இழப்பு. ஸ்பேனிங் ட்ரீயையே அணைத்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். மின்சாரம் மிச்சப்படுத்தும் 802.3ஏஇசட் வசதி தாமிரக் கேபிள் போர்ட்டுகளில் இயங்கிக்கொண்டிருந்தால் ஸ்டோரேஜ் போர்ட்டுகளில் மட்டும் அணைத்துவிடலாம். ஃப்ளோ கன்ட்ரோல் (நெரிசலில் எதிர்முனையைச் சற்று நிறுத்தச் சொல்வது) விஷயத்தில் ஆளுக்கொரு கருத்து உண்டு, நான் சொல்வது ஸ்டோரேஜ் தயாரிப்பாளரின் கையேடு என்ன சொல்கிறதோ அதை மட்டும் செய்யுங்கள் என்பதுதான்.

எல்லாம் முடிந்ததும் உற்பத்தி வேலையை ஏற்றுவதற்கு முன், ஒரு சோதனை வி.எம்.மில் பெரிய ஃபைல் ஒன்றை ஓடவிட்டு, 31-இன் கேபிளைப் பிடுங்குங்கள். சில வினாடி திணறிவிட்டு ஓட வேண்டும். திரும்பச் செருகி, இரண்டு பாதையும் உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, 32-ஐப் பிடுங்குங்கள். இந்தச் சோதனையைச் செய்யாத மல்ட்டிபாத்தை நம்பாதீர்கள். பாதி இடங்களில் இரண்டாவது பாதை முதல் நாளிலிருந்தே வேலை செய்யாமல் இருக்கும், முதல் பாதை விழும் அன்றுதான் அது தெரிய வரும்.

கேள்வி: எடிட்டிங் ஸ்டூடியோவில் வேகத்துக்காக ஜம்போ ஃபிரேம் (வழக்கமான 1500 பைட்டைவிடப் பெரிய ஃபிரேம்) போட்டோம், நாஸிலும் கம்ப்யூட்டரிலும் 9000. பிங் நன்றாகப் போகிறது, ஃபோல்டர் பட்டியல்கூட வருகிறது, ஆனால் வீடியோவைக் காப்பி செய்தால் அப்படியே நின்றுவிடுகிறது. (ஒரு வாசகர், சாலிகிராமம், சென்னை)

பதில்: நடுவில் இருக்கும் ஸ்விட்சில் மாற்றவில்லை என்று நினைக்கிறேன். அல்லது இரண்டு ஸ்விட்ச் இருந்து ஒன்றில் மட்டும் மாற்றியிருப்பீர்கள்.

டி.சி.பி. இணைப்பு ஆரம்பிக்கும்போதே இரண்டு முனைகளும் தங்களால் எவ்வளவு பெரிய பாக்கெட் வாங்க முடியும் என்று சொல்லிக்கொள்கின்றன. ஒரு முனை 1500, மறுமுனை 9000 என்றால் சின்னதற்கு இரண்டும் ஒத்துப்போய்விடும், அதனால் அந்தத் தப்பு பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாமல் ஓடிவிடும். இரண்டு முனையும் 9000 என்று ஒத்துக்கொண்டு, நடுவே இருக்கும் ஸ்விட்ச் 1500-இல் இருந்தால்தான் ஆபத்து. லேயர்-2 (ரவுட்டிங் செய்யாத) ஸ்விட்ச் பாக்கெட்டைத் துண்டாக்காது, பெரிதாக இருக்கிறது என்று திருப்பிச் சொல்லவும் செய்யாது, சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். சாதாரண பிங்கும் ஃபோல்டர் பட்டியலும் சின்னப் பாக்கெட்டுகள், போய்விடும். வீடியோ என்றதும் முழு அளவுப் பாக்கெட் கிளம்பும், அங்கே நிற்கும். ஐஸ்கஸியிலும் இதே முகம்தான்: லாகின் ஆகும், டிஸ்க் தெரியும், ஃபார்மட் கொடுத்தால் உறைந்துவிடும்.

சோதிக்கிற முறை எளிது. பிங்கின் அளவை 8972 என்று வைத்து, துண்டாக்கக் கூடாது என்ற தேர்வையும் சேர்த்து அனுப்புங்கள். விண்டோஸில் -எஃப் -எல் 8972, லினக்ஸில் -எம் டூ -எஸ் 8972. 9000-இல் ஐ.பி. தலைப்புக்கு 20, ஐ.சி.எம்.பி. தலைப்புக்கு 8 கழித்தால் 8972 வரும். இது போனால்தான் ஜம்போ முழுப் பாதையிலும் இருக்கிறது என்று அர்த்தம். எண்கள் இடத்துக்கு இடம் வேறு மாதிரி இருக்கும்: விண்டோஸ் கார்டு அமைப்பில் 9014 என்று இருப்பது ஈதர்நெட் தலைப்பையும் சேர்த்து, பல ஸ்விட்ச்களில் 9216 என்று இருக்கும். ஸ்விட்சில் அது தரும் மிகப் பெரிய அளவையே வைத்துவிடுங்கள், ஸ்விட்சில் அதிகமாக இருப்பதால் தீங்கில்லை.

ஆனால் இதனால் என்ன கிடைக்கிறது என்றும் ஒரு கணக்குப் பார்க்கலாம். 1500 அளவில் ஒரு ஃபிரேம் கம்பியில் எடுக்கும் இடம், முன்குறி, இடைவெளி எல்லாம் சேர்த்து 1538 பைட், அதில் உங்கள் டேட்டா 1460, கிட்டத்தட்ட 95 சதவீதம். 9000-இல் 9038-க்கு 8960, அதாவது 99 சதவீதம். நான்கு சதவீத லாபம். 10 ஜிகாபிட்டில் சி.பி.யூ.வின் சுமை குறைவது இதைவிடப் பெரிய நன்மை, 1 ஜிகாபிட்டில் அதுவும் பெரிதாகத் தெரியாது. நீங்கள் 1 ஜிகாபிட்டில் இருந்தால் 1500-க்குத் திரும்பிவிடுங்கள், நிம்மதியாக வேலை நடக்கும். ஜம்போ வேண்டும் என்றால் ஸ்டோரேஜ் மட்டும் இருக்கும் வி-லேனில் வையுங்கள், பிரிண்டரும் பழைய கேமராவும் இருக்கும் வி-லேனில் வேண்டாம்.

கேள்வி: நாஸிலிருந்து ஸ்விட்சுக்கு இரண்டு கேபிள் இழுத்து எல்.ஏ.சி.பி. (பல கேபிள்களை ஒன்றாகக் கட்டும் முறை) போட்டேன், ஸ்விட்ச் 2 ஜிகாபிட் என்று காட்டுகிறது, ஆனால் காப்பி வேகம் பழைய 110 மெகாபைட்தான். எங்கே பிழை? (ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: பிழை எதுவும் இல்லை, எல்.ஏ.சி.பி. அப்படித்தான் வேலை செய்யும். பாக்கெட்டுகள் வரிசை மாறாமல் போக வேண்டும் என்பதற்காக, ஓர் இணைப்பைச் சேர்ந்த எல்லாவற்றையும் ஒரே கேபிளில்தான் அனுப்பும். எந்தக் கேபிள் என்பதை முகவரிகளை வைத்து ஒரு கணக்குப் போட்டு முடிவு செய்யும். ஆகவே ஒருவர் காப்பி செய்தால் ஒரு கேபிளின் வேகம்தான். பலர் ஒரே நேரத்தில் எடுக்கும்போது இரண்டு கேபிளிலும் பரவும், சில சமயம் கணக்கு ஒத்துப்போய் எல்லாரும் ஒரே கேபிளில் விழவும் செய்யலாம்.

ஒருவருக்கே இரட்டை வேகம் வேண்டுமானால் அதற்குரிய வழி மேலே இருக்கும் நெறிமுறையைப் பொறுத்தது. ஐஸ்கஸிக்கு எல்.ஏ.சி.பி.யை மறந்துவிட்டு எம்.பி.ஐ.ஓ. போடுங்கள். விண்டோஸ் பகிர்வு என்றால் விண்டோஸ் 8, சர்வர் 2012 காலத்தில் வந்த எஸ்.எம்.பி. 3-இல் மல்ட்டிசானல் (பல இணைப்புகளை ஒரே நேரத்தில் உபயோகிக்கும் வசதி) உண்டு, நாஸும் அதை ஆதரித்து, உங்கள் கம்ப்யூட்டரிலும் இரண்டு போர்ட் இருந்தால் கிடைக்கும். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு 1 ஜிகாபிட் போர்ட் என்றால் எதைச் செய்தாலும் 110-தான். லினக்ஸ் பக்கத்து ஃபைல் பகிர்வான என்.எஃப்.எஸ். பதிப்பு 3-க்கு எல்.ஏ.சி.பி. பொருத்தமானதே, கேபிள் அறுந்தால் காப்பாற்றும் என்ற அளவில்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும் ட்ரங்க்கில் 31 என்ற புதிய வி-லேனைச் சேர்த்தோம். சேர்த்த நொடியில் மொத்த அலுவலகமும் விழுந்துவிட்டது. வன்பொருள் கோளாறா? (சிஸ்டம் அட்மின், சிங்கப்பூர்)

பதில்: சிஸ்கோ வகைக் கட்டளை என்றால், 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவுட் வி-லேன் 31' என்று கொடுத்திருப்பீர்கள். நடுவில் 'ஆட்' என்ற சொல் வேண்டும். அது இல்லாவிட்டால் இருக்கும் பட்டியலில் 31-ஐச் சேர்ப்பதற்குப் பதிலாக, பட்டியலையே அழித்துவிட்டு 31 மட்டும் என்று எழுதிவிடும். தொலைவிலிருந்து நுழைந்து செய்தால் உங்கள் நிர்வாக வி-லேனும் அதே நொடியில் போய்விடும், திருத்தவும் முடியாது. அதனால் தொலைவிலிருந்து ட்ரங்க்கைத் தொடுவதற்கு முன் 'ரீலோட் இன் 10' என்று ஒரு கட்டளையைக் கொடுத்து வைத்துவிட்டு, எல்லாம் சரியாக இருந்தால் பத்து நிமிடத்துக்குள் ரத்து செய்யுங்கள். மாட்டிக்கொண்டால் ஸ்விட்ச் தானே ரீபூட் ஆகி, சேமித்த பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். ரீபூட் என்றால் அதில் மாட்டியிருக்கும் எல்லாமே சில நிமிடம் விழும் என்பதையும் நினைவில் வைத்து, இரவு நேரத்தில் செய்யுங்கள்.

கேள்வி: வி-லேன் பிரித்து மூன்று மாதம் நன்றாக ஓடியது. போன வாரம் கரண்ட் போய் வந்தது, வி-லேன் எதுவுமே ஸ்விட்சில் இல்லை. ஸ்விட்ச் கெட்டுவிட்டதா? இன்னொன்று, அதற்கு முன்னும் ஒரு தடவை கரண்ட் போனபோது லினக்ஸ் சர்வர்களின் டிஸ்க் எல்லாம் ரீட்-ஒன்லி ஆகிவிட்டது. (பின்னலாடை நிறுவன ஊழியர், திருப்பூர்)

பதில்: ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது, அமைப்பைச் சேமிக்கவில்லை. நிறைய ஸ்விட்ச்களில் நாம் செய்யும் மாற்றம் உடனே செயலுக்கு வரும், ஆனால் நினைவில் மட்டும் இருக்கும். சிஸ்கோவில் 'ரைட் மெமரி', வெப் பக்கம் உள்ள ஸ்விட்ச்களில் ஒரு மூலையில் தனியாக 'சேவ்' பொத்தான். 'அப்ளை' கொடுப்பது சேமிப்பது ஆகாது. சேமித்த கையோடு அந்த அமைப்பின் ஒரு நகலை வெளியே எடுத்து, ஸ்டோரேஜில் அல்ல, வேறோர் இடத்தில் வையுங்கள், ஸ்டோரேஜுக்குப் போக முடியாத நாளில்தான் அது தேவைப்படும்.

ரீட்-ஒன்லி ஆனதற்குக் காரணம் பெரும்பாலும் யு.பி.எஸ். பங்கீடு. சர்வரும் ஸ்டோரேஜும் யு.பி.எஸ்.ஸில் இருக்கும், ஸ்விட்ச் மட்டும் சுவர்ப் பிளக்கில் இருக்கும். பெட்டிகள் உயிரோடு இருக்கின்றன, ஆனால் நடுவில் வழி இல்லை. லினக்ஸின் ஐஸ்கஸி வழக்கமாக 120 வினாடி காத்திருக்கும், அதற்குள் ஸ்டோரேஜ் திரும்ப வரவில்லை என்றால் எழுத முடியவில்லை என்ற பிழையை மேலே சொல்லிவிடும், ஃபைல் சிஸ்டம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ரீட்-ஒன்லியாகிவிடும். மேனேஜ்டு ஸ்விட்ச் ஒன்று பூட் ஆகவே சில நிமிடம் எடுத்துக்கொள்ளும் என்பதால், ஒரு நொடி கரண்ட் போனாலே இந்த 120 தாண்டிவிடும். ஆகவே ஸ்டோரேஜ் போக்குவரத்தைத் தாங்கும் ஒவ்வொரு ஸ்விட்சும் யு.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும், இரண்டு பவர் சப்ளை இருந்தால் இரண்டையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் செருகாமல் பிரித்துச் செருகுங்கள். நீண்ட மின்தடைக்குப் பிறகு எல்லாவற்றையும் எழுப்பும்போது முதலில் ஸ்விட்ச், அடுத்தது ஸ்டோரேஜ், அது முழுதாக எழுந்த பிறகு சர்வர்கள். நிறுத்துவது இதற்கு நேர் தலைகீழ்.

கேள்வி: வீட்டில் பழகுவதற்காக எட்டு போர்ட் ஸ்மார்ட் ஸ்விட்ச் வாங்கினேன். மூன்றாவது, நான்காவது போர்ட்டுகளை 30 என்ற வி-லேனில் அன்டேக்டாகச் சேர்த்தேன், ஆனாலும் இரண்டு பெட்டியும் பேசிக்கொள்ளவில்லை. (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: பி.வி.ஐ.டி. என்று ஒரு தனிப் பக்கம் இருக்கும், அங்கே இந்த இரண்டு போர்ட்டுக்கும் 30 என்று மாற்றுங்கள். அன்டேக்ட் உறுப்பினர் என்று சேர்ப்பது அந்தப் போர்ட்டிலிருந்து வெளியே போகும் ஃபிரேமுக்கான விதி. உள்ளே வரும் டேக் இல்லாத ஃபிரேம் எந்த வி-லேனைச் சேர்ந்தது என்று தீர்மானிப்பது பி.வி.ஐ.டி. அது இன்னும் 1-இல் இருந்தால், உங்கள் கம்ப்யூட்டர் பேசுவது 1-க்குள் போகிறது, 30-இல் வருவதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. சிஸ்கோ மாதிரி ஸ்விட்ச்களில் ஆக்சஸ் போர்ட் என்று ஒரு வார்த்தையில் இரண்டும் சேர்ந்து மாறிவிடுவதால் இந்தக் குழப்பம் வருவதில்லை. மாற்றிய பிறகு அந்த இரண்டு போர்ட்டும் 1-இன் உறுப்பினர் பட்டியலில் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் 1-இன் பிராட்காஸ்ட் அங்கேயும் கசியும். நிர்வாகப் பக்கத்தைத் திறக்க நீங்கள் உபயோகிக்கும் போர்ட்டை மட்டும் கடைசிவரை தொடாதீர்கள்.

கேள்வி: மருத்துவமனையின் ஸ்கேன் படங்கள் ஐஸ்கஸி ஸ்டோரேஜில் இருக்கின்றன. தனி வி-லேன் போட்டிருப்பதால் பாதுகாப்புக்கு அது போதும் அல்லவா? (ஐ.டி. பிரிவு, திருச்சி)

பதில்: போதாது. நோயாளிகளின் படங்கள் என்பதால் இதில் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வி-லேன் எதையும் மறையாக்கம் செய்வதில்லை, ஐஸ்கஸியில் டேட்டா அப்படியே திறந்த நிலையில்தான் போகிறது. அந்த வி-லேனில் ஒரு போர்ட் கிடைத்தவர், 3260 என்ற போர்ட் எண்ணில் ஸ்டோரேஜைக் கேட்டு, வேறு தடை இல்லை என்றால் டிஸ்க்கையே தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம். சர்வரின் பெயரை வைத்து அனுமதிப்பது மட்டும் தடை ஆகாது, அந்தப் பெயரை யாரும் தட்டச்சு செய்து வைத்துக்கொள்ள முடியும். சாப் கடவுச்சொல் கட்டாயம் வையுங்கள். விண்டோஸ் பக்கம் 12 முதல் 16 எழுத்து வரை கேட்கும், இரு பக்கமும் ஒருவரையொருவர் சோதிக்கும் வகை இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். சாப் ஆளைச் சோதிக்கும், டேட்டாவை மறைக்காது, ஆகவே டிஸ்க் அளவிலோ மென்பொருள் அளவிலோ மறையாக்கம் வேண்டும்.

ஸ்விட்சில், உபயோகத்தில் இல்லாத எல்லாப் போர்ட்டையும் அணைத்து எதற்கும் பயன்படாத ஒரு வி-லேனில் தள்ளுங்கள். ட்ரங்க்கின் நேட்டிவ் வி-லேன் (அதில் டேக் இல்லாமல் போகும் வி-லேன்) மக்கள் இருக்கும் வி-லேனாக இருக்கக் கூடாது, இரட்டை டேக் போட்டு அடுத்த வி-லேனுக்குள் ஃபிரேமைத் தள்ளும் பழைய தந்திரம் அங்கேதான் நுழைகிறது. ராக் இருக்கும் அறைக்குப் பூட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஸ்டோரேஜுக்கென்று தனி ஸ்விட்ச் வாங்குவதா, இருப்பதிலேயே வி-லேன் பிரிப்பதா? நிர்வாகம் செலவுக்குக் காரணம் கேட்கிறது. (ஒரு வாசகர், அம்பத்தூர், சென்னை)

பதில்: பணம் இருந்தால் தனி ஸ்விட்ச், அதுவும் இரண்டு. இது என் உறுதியான கருத்து. வி-லேன் பிரித்தாலும் ஸ்விட்சின் உள்ளே இருக்கும் பஃபர் நினைவகம் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம்), மின்சப்ளை, மென்பொருள் எல்லாம் பொதுவானவை. அலுவலகப் பக்கத்துக்காக ஒரு அப்டேட் போட்டு ரீபூட் செய்தால் ஸ்டோரேஜும் சேர்ந்து விழும்.

நிர்வாகத்துக்குக் காட்ட ஓர் எண் வேண்டுமானால் பஃபரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டோரேஜ் 10 ஜிகாபிட்டில், சர்வர் 1 ஜிகாபிட்டில் இருந்தால் உள்ளே வரும் வேகத்துக்கும் வெளியேறும் வேகத்துக்கும் இடையே 9 ஜிகாபிட் வித்தியாசம். ஸ்விட்சில் எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து 1.5 மெகாபைட் பஃபர் என்று வைத்துக்கொண்டால், அது நிரம்ப ஒன்றரை மில்லிவினாடிகூட ஆகாது. அப்புறம் வருவதெல்லாம் கீழே விழும், டி.சி.பி. திரும்ப அனுப்பும், அங்கே அக்கவுன்ட்ஸ் மென்பொருள் ஒரு கணம் உறையும். உங்கள் ஸ்விட்சில் ஸ்டோரேஜ், சர்வர் போர்ட்டுகளின் டிராப் அல்லது டிஸ்கார்டு எண்ணிக்கையை இன்று காலை ஒரு முறை, மாலை ஒரு முறை குறித்து வையுங்கள். ஏறிக்கொண்டே போனால் தனி ஸ்விட்சுக்கான காரணம் உங்கள் கையில் இருக்கிறது. ஏறவே இல்லை, சர்வர் ஒன்றோ இரண்டோதான் என்றால் இருப்பதிலேயே பிரித்துக்கொள்ளுங்கள், கெடுதல் ஒன்றும் இல்லை. இன்னொரு வழியும் உண்டு: இரண்டே சர்வர், ஸ்டோரேஜில் போதுமான போர்ட் இருக்கிறது என்றால், ஸ்விட்சே இல்லாமல் சர்வரையும் ஸ்டோரேஜையும் நேர்க் கேபிளில் இணைத்துவிடலாம். பலரும் இதை யோசிப்பதே இல்லை, ஆனால் சின்ன இடங்களுக்கு மிக நல்ல ஏற்பாடு.

கேள்வி: நடுவில் ஒரு சாதாரண அன்மேனேஜ்டு ஸ்விட்ச் இருந்தால் டேக் கடந்து போகுமா? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: பெரும்பாலானவற்றில் போகும், டேக்கைப் பார்க்காமல் அப்படியே கடத்திவிடும். ஆனால் பிரிக்காது, எல்லா வி-லேனின் பிராட்காஸ்டும் அதன் எல்லாப் போர்ட்டிலும் கொட்டும், அதில் ஒரு கேபிள் செருகுகிற யாரும் ஸ்டோரேஜ் வி-லேனுக்குள் வந்துவிடலாம். ஸ்டோரேஜ் பாதையில் அது இருந்தால் எடுத்துவிட்டு, கேபிளை நேராக மேனேஜ்டு ஸ்விட்சுக்கு இழுங்கள். 10 ஜிகாபிட்டுக்கு என்றால் கேட்-6 கேபிள் 55 மீட்டர் வரைதான், அதற்கு மேல் போவதாக இருந்தால் கேட்-6ஏ வாங்குங்கள்.